சிஸ்பாவைக் கொல்லச் சொன்ன வாசகர்கள்

ஒருத்தி உயிரோடு இருக்கலாமா, செத்துத் தொலையலாமா என்று முன்பின் தெரியாதவர்கள் கடிதம் போட்டுத் தீர்ப்புச் சொன்னால் எப்படி இருக்கும்? ஒரால்யா அந்தப் படக்கதைப் பத்திரிகையின் வசந்தகாலத்து இதழில் வாசகர் கடிதங்களைக் கடை வாசலிலேயே நின்று படித்தாள்.

'சிஸ்பா வருடக்கணக்கில் நாச்சா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சூப் குடிக்கிறாள். கதை நகரவே இல்லை. கொன்றுவிடுங்கள்' என்று டூசானிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான். 'அவள் செத்தால்தான் நாச்சாவுக்கு ஏதாவது வேலை வரும்' என்று இன்னொருத்தி. ஆமாம் என்று தலையாட்டுகிற கடிதங்கள் வேறு.

ஆக்ஸ்னார்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அறுபது வயதுப் பெண்பிள்ளைக்குப் படக்கதையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிடாதீர்கள், வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். அந்த நாச்சாவே அவள்தான். ஒரால்யாவும் மினெர்வாவும் ரோக்கேயும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பெண்கள் இரண்டு பேரும் தலையை ஒரு பக்கம் மழித்துக்கொண்டு, காதில் ஊக்கைக் குத்திக்கொண்டு, கார் ஷெட்டில் டிரம்ஸ் அடித்துத் தெருவையே நாறடித்தார்கள். 'உருப்படாதவளுங்க' என்று இரண்டு அம்மாக்களும் திட்டினார்கள். ரோக்கே அதையே தலைப்பாக வைத்து அவர்களைப் படக்கதையாக வரைய ஆரம்பித்தான். ஒரால்யா நாச்சாவானாள், மினெர்வா சிஸ்பாவானாள். கதையிலும் அவர்களுக்கு வயது ஏறியது. நாச்சா பருத்தாள், சிஸ்பாவுக்கு மூட்டுவலி வந்தது. எங்கெங்கோ இருக்கிற வாசகர்கள் அவர்களை வீட்டு மனுஷிகளாகவே நினைத்துச் சண்டை போட்டார்கள், கொஞ்சினார்கள்.

அந்த வாசகர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மினெர்வா செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது. ரோக்கேவுக்குச் சிஸ்பாவைச் சாகடிக்க மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொரு இதழிலும் அவள் ஞாயிற்றுக்கிழமை நாச்சா வீட்டுக்கு வருவாள், குடல் சூப் குடிப்பாள், உப்புப் பத்தவில்லை என்பாள். அதைப் பார்க்கத்தான் ஒரால்யா புத்தகம் வாங்கினாள். வேறு எதற்கு?

இதழைச் சுருட்டிக்கொண்டு நேரே ரோக்கே வீட்டுக்குப் போனாள். அவன் பின்கட்டில் வரைந்துகொண்டிருந்தான்.

"வாடி. படிச்சிட்டியா?"

"எவன்டா அந்த டூசான்காரன்? அவன் வீட்ல எழவே விழுந்ததில்லையா?"

"அவன் சொல்றதுல தப்பில்ல ஒரால்யா."

"உன் வாயில மண்ணு விழ!"

"கத்தாதே, உக்காரு. மினெர்வா எப்படிப் பேசுவான்னே எனக்கு மறந்துபோச்சுடி. கடைசி நாலு இதழ்ல அவ பேசினதெல்லாம் நீ பேசுறது. நீ கவனிக்கல?"

ஒரால்யா கவனித்திருந்தாள். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். மினெர்வா உப்பைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறவள். உப்பு, காரம் என்று நொட்டை சொல்வது ஒரால்யாதான்.

மேஜைமேல் கிடந்த தாளை அப்போதுதான் பார்த்தாள். தேவாலயப் படிக்கட்டு. சவப்பெட்டி. ஆறு பேர் தூக்குகிறார்கள். முன்னால் கறுப்புக் கோட்டில் நாச்சா, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. பாவி, எவ்வளவு அழகாக வரைந்திருந்தான்!

"இது யாருடா?"

"நீதான்."

"நான்தான் வரலையே."

ரோக்கே பேனாவை மூடினான்.

மினெர்வா ஒரால்யா மகளை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய். அந்தப் பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்குக் குடித்துவிட்டு வந்து, ஊரே பார்க்கக் கேக் மேஜைமேல் விழுந்தாள். இனி என் வாசப்படி மிதிக்காதே என்று ஒரால்யா அவளைப் பிடித்து வெளியே தள்ளினாள். மினெர்வா எத்தனையோ முறை போன் செய்தாள். ஒரால்யா எடுக்கவில்லை. பிறகு சாவுச் செய்திதான் வந்தது. அடக்கத்தன்று கறுப்பு உடுத்திக்கொண்டு தேவாலயம்வரை போனாள். காரை விட்டு இறங்கவில்லை. மணி அடித்தது, பெட்டி வெளியே வந்தது, ஐந்து பேர்தான் தூக்கினார்கள், அவளுக்கென்று விட்ட ஆறாவது கைப்பிடி காலியாக இருந்தது. அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். தெருவில் எல்லாருக்கும் தெரியும். இன்றுவரை ஒருவர்கூட அவளை ஏன் என்று கேட்டதில்லை.

"நிஜத்துல போகாதவ இதுலயாவது போகட்டுமேன்னு வரைஞ்சேன்டி," என்றான் ரோக்கே.

"பாவம் பாக்குறியா? அதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. அழிச்சிடு. அந்தக் கைப்பிடியை யாரும் புடிக்க வேணாம். என்னைக் கார்ல உக்கார வை."

"வாசகருங்க உன்னைக் கிழிச்சிடுவாங்க."

"கிழிக்கட்டும். எனக்கு நல்லா வேணும்."

"அப்போ சிஸ்பா?"

ஒரால்யா சவப்பெட்டிப் படத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "புதைச்சிடுடா," என்றாள். "உப்புப் பத்தலன்னு சொல்றவ அவ இல்ல." அதற்குமேல் முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் சொன்னபடியே வரைந்தான். சிஸ்பாவை ஐந்து பேர் தூக்கிப் போனார்கள், நாச்சா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரிலேயே இருந்தாள். புத்தகம் வெளியே வந்தது. அதற்கு வந்த கடிதங்கள் அடுத்த இதழில்தான் வரும். அதுவரை ஒரால்யா அச்சில், நாலு பேர் பார்க்க, யாராவது தன் முகத்தில் காறித் துப்பட்டும் என்று காத்திருந்தாள்.

இதழ் வந்தது. பள்ளி வாசலில் காலிப் பேருந்தில் உட்கார்ந்து படித்தாள். பக்கம் முழுக்கக் கோபம்தான். ஆனால் அத்தனையும் ரோக்கேமேல்.

'என் பதினைந்து வயதிலிருந்து நாச்சாவை எனக்குத் தெரியும்' என்று பிரெஸ்னோவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். 'முன்கோபி, வாய்த்துடுக்குக்காரி. ஆனால் சிஸ்பாவை அப்படி அனாதையாக விடுகிறவள் இல்லை. ஆசிரியருக்கு வயதாகிவிட்டது, தன் பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை.' டூசான்காரன்கூட எழுதியிருந்தான்: 'கொல்லச் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை நம்பமாட்டேன். நாச்சா இறங்கிப் போயிருப்பாள்.'

ஒரால்யா அடுத்த கடிதத்துக்குப் போனாள், அதற்கடுத்ததற்கும் போனாள். அவளைத் திட்டி ஒன்றுகூட இல்லை.