பஸ்ஸில் கட்டிய பாட்டு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்தேன். ஒடுகத்தூரிலிருந்து விடியும் முன்பே கம்பெனி பஸ் கிளம்பும். வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முதலில் வாரம் ஒரு போன் வந்தது, பிறகு மாதம் ஒன்று, பிறகு அதுவும் நின்றது. வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தாலும் கால் சும்மா இருக்காது. பஸ் ஓடும்போது மட்டும் கொஞ்சம் அடங்குவேன்.

அங்கேதான் அந்தப் பாட்டைக் கட்டினேன். மெட்டு எங்கள் பக்கத்துக் கூத்தில் பெண்வேஷம் அழுது பாடுகிற மெட்டு. வார்த்தை என்னுடையது.

பஸ்ஸு வந்து நிக்குதடி, பாழும் மனசு நிக்கலையே,
ஷிப்டு முடிஞ்சி போச்சுதடி, சேதி ஒண்ணும் எட்டலையே.

நான் பாடுவதைப் பக்கத்து மெஷின் அக்கா போனில் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். ஒரே வாரத்தில் வாணியம்பாடி, குடியாத்தம் என்று எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் பார்த்தார்கள். அம்மாவுக்குக் கோபம். "நம்ம வீட்டு சங்கதிய ஊருக்கே பாடிட்டியே" என்று இரண்டு நாள் பேசவில்லை.

திருப்பத்தூரிலிருந்து ஒரு ஆர்மோனியக்காரர் தேடி வந்தார். அவரோடு ஒரு டோலக்குக்காரரும் வந்தார். அணைக்கட்டு ஊரில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு மதியம் பாடக் கூப்பிட்டார்கள். இரண்டாவது அடியில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். "இன்னொரு தபா பாடும்மா" என்றார்கள். மூன்று தபா பாடினேன்.

அதற்கப்புறம் அழைப்புகள் வந்தன. கம்பெனியில் லீவு ஜாஸ்தி ஆனது; சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாடும் இடத்தில் வேலையை நினைத்தேன், வேலையில் பாட்டை நினைத்தேன். ஒரு நாள் மதிய இடைவேளையில் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"அந்தப் பாட்டு என்னப் பத்தியா?"

"இல்ல. பஸ்ஸப் பத்தி."

"நல்லாத்தான் கீது" என்று வைத்துவிட்டார். எப்போது வருவீர்கள் என்று நானும் கேட்கவில்லை. அன்று தைத்த ஷூ ஜோடிகளில் பாதி தரத்தில் தேறாமல் திரும்பி வந்தன.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டபோது போனேன். பாட வைத்தார்கள். பின்பு ஆர்மோனியத்தை எடுத்துவிட்டு தடதடவென்று பீட் சேர்த்து என் போனுக்கு அனுப்பினார்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, பிளாட்பாரத்தில் நின்றே கேட்டேன். குரல் என்னுடையதுதான், ஆனால் அழுகிற இடத்தில் ஆடச் சொன்னது. அங்கிருந்தே ஸ்டுடியோவுக்குப் போன் செய்தேன்.

"இத போடாதீங்க சார். ஆர்மோனியமும் டோலக்கும் போதும்."

"பழைய மெட்டும்மா இது. பீட் இல்லைன்னா ரெண்டு செகண்டுல தள்ளிட்டுப் போய்டுவாங்க. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். ஒரு மாதம் தூக்கமே இல்லை. வேண்டாமென்று சொல்லித் தப்பு செய்துவிட்டோமோ என்று அந்த ஸ்டுடியோ நம்பரை எத்தனை தடவை எடுத்து வைத்திருப்பேன். கடைசியில் ஆர்மோனியக்காரர் வீட்டுக் கூடத்தில், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து வழிய மூன்று பேரும் பதிவு செய்தோம். அந்தப் பதிவு முதல் வீடியோவைவிட வெகுதூரம் போனது. டீக்கடைகளில் ஓடியது. முகம் தெரியாத பெண்கள் போனில் அழுதார்கள்.

வேலையை விட்டுவிட்டேன். இப்போது முகூர்த்த மாதங்களில் ஒரு நாளும் ஓய்வில்லை. அம்மா ஒரு முறை கூட்டத்தில் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "தொண்டைய பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்காரர் பெங்களூரிலேயே இருக்கிறார். நான் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆனாலும் போகிற இடமெல்லாம் அந்த ஒரு பாட்டையே கேட்கிறார்கள். புதிதாக நாலு கட்டியிருக்கிறேன். எதுவும் எனக்கே பிடிக்கவில்லை. நேற்றும் வேனில் போகும்போது ஒன்றை எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன்.