படுக்க ஆளில்லாத ஏழு மெத்தைகள்

இந்த ஜெர்மன் ஊரில் மாதத்தில் ஒருநாள் நல்ல சாமான்களையெல்லாம் தெருவில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். ஷ்பெர்முல் என்று பெயர். ஆடாத மேசை, ஒழுங்காக மூடும் அலமாரி, கறை படாத மெத்தை. மறுநாள் நகராட்சி லாரி வந்து அள்ளிப்போகும். அதற்குள் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வந்த புதிதில் யாரோ குடிவருகிறார்கள் என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு அம்மாளின் சோபாவை அவர் வீட்டுக்குள் தூக்கி வைக்க உதவினேன். அந்த அம்மாள் என்னை வாழ்த்தினாரா, திட்டினாரா என்று இன்றுவரை தெரியாது. இப்போது தேறிவிட்டேன். சென்ற மாதம் ஏழு மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து, எங்கள் கட்டடத்தின் கெல்லரில், அதாவது நிலவறையில், கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நிலவறையில் எனக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. ஒரு கேசட் ரெக்கார்டர், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர். இதற்கு ஸ்டூடியோ என்று நானே பெயர் சூட்டியிருக்கிறேன். இங்குள்ள தமிழர்கள் பிள்ளைகளின் பாட்டைப் பதிவுசெய்ய வருவார்கள். மிருதங்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அறை உறுமிக்கொண்டே இருக்கும். தாழ்ந்த ஒலி, அதாவது பாஸ், மூலைகளில் போய்க் குவிகிறது. அங்கே தடிமனாக எதையாவது அடைத்தால்தான் அதன் கொட்டம் அடங்கும். அப்படி அடைப்பதற்குப் பாஸ் ட்ராப் என்று பெயர். கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வெளியே வந்தேன். மெத்தைக்காரர் மகனுக்கு வேறென்ன தோன்றும்? கதவு மூலையை விட்டு மற்ற மூன்றிலும் இரண்டிரண்டு மெத்தைகளை நிறுத்தினேன். ஏழாவதைக் கூரையோரம் கட்டித் தொங்கவிட்டேன். அது பாடிக்கொண்டிருந்தவர் தலைமேல் விழுந்தது. அவர் பெரிய மனதுக்காரர், பல்லவியை முடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டார்.

இதே முட்டாள்தனத்தை ஏற்காட்டிலும் செய்தவன் நான். அங்கே எங்கள் அத்தாவுக்கு மெத்தைக் கடை. சீசனில் லாட்ஜுகளுக்கு மெத்தையும் கம்பளியும் வாடகைக்குக் கொடுப்பார். மற்ற மாதங்களில் அவை கடைக்கு மேலே என் அறையில் கிடக்கும். மஞ்சக்குட்டை, வாழவந்திப் பக்கம் ஜீப்பில் ஒலிபரப்பும் விளம்பரங்களை அந்த அறையில்தான் பதிவுசெய்தேன். மழைக்காலத்தில் மூலைக்கு மூன்று மெத்தை நிற்கும், குரல் கணீரென்று விழும். மே மாதம் அடிவாரத்திலிருந்து வண்டிகள் ஏற ஏற, மெத்தைகள் ஒவ்வொன்றாக லாட்ஜுக்குப் போகும், உறுமல் திரும்பி வரும். ஏற்காட்டில் எத்தனை லாட்ஜ் நிறைந்திருக்கிறது என்பதை என் பதிவைக் கேட்டே சொல்லிவிடலாம்.

ஒரு மே மாதம் வாழவந்தி போய்த் திரும்பினால், ஸ்டூடியோவில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் படுத்திருந்தது. மிச்சமிருந்த பாஸ் ட்ராப் தரையில் விரிந்து கிடந்தது.

“ரூம் கெடைக்காம அலைஞ்சாங்க கண்ணு, பாவமா இருந்துச்சு” என்றாள் அம்மா. “உன்ற மிசின கட்டிலுக்கடியில பத்தரமா வெச்சிருக்கேன்.”

“அம்மா, அது ஸ்டூடியோ.”

“இருக்கட்டும் சாமி. நொம்ப குளுருது. கொழந்தைங்கள வேற எங்க படுக்க வெக்கறது?”

அன்று நான் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை, வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே கவனிக்க ஆள் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை ஹவுஸ்மைஸ்டர் வந்தார். கட்டடத்தைப் பராமரிப்பவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். என் மனைவி சமீனா ஏற்காட்டில் விசாவுக்குக் காத்திருக்கிறாள். வீட்டில் இருவருக்குப் போதிய இடம் உண்டு, வேறு யாரும் தங்கவில்லை என்று இவர் கையெழுத்துப் போட்ட தாளை நான் அலுவலகத்தில் காட்ட வேண்டும். தாள் அவர் கையில்தான் இருந்தது. கையெழுத்துத்தான் இல்லை.

“நீங்கள் ஒருவர், மெத்தைகள் ஏழு. கீழே எத்தனை பேர்?” என்றார்.

“யாரும் படுப்பதில்லை. இவை சத்தத்துக்காக” என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

“சத்தம் போடுகிறீர்களா?”

“இல்லை, சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக.”

அவர் முகம் இன்னும் இறுகியது. “கேட்கக் கூடாத அளவுக்குக் கீழே என்ன நடக்கிறது?”

அழைத்துப்போய்க் காட்டினேன். மெத்தைகளை அழுத்திப் பார்த்தார், பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று எட்டியும் பார்த்தார். “இசை என்றால் போட்டுக் காட்டுங்கள்” என்றார். பதற்றத்தில் எந்தக் கேசட் உள்ளே இருக்கிறது என்று பார்க்காமல் பட்டனை அமுக்கினேன். அம்மாவின் குரல் வந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவாள்.

“இந்த வருசம் சீசனு நொம்ப ஜோருங்கறாங்க கண்ணு. ஊட்டுல நிக்க எடமில்ல. உன்ற ரூமுலயே எட்டுப் பேரு படுத்திருக்காங்க. சமீனா எங்கூட அடுப்படியில படுத்துக்கறா.”

நான் செய்யாத குற்றத்தை அம்மா அங்கே செய்துவிட்டு, கணக்காக ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஹவுஸ்மைஸ்டர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார்.

“யார் இது?”

“என் அம்மா.”

“என்ன சொல்கிறார்?”

“குளிராக இருக்கிறதாம்.”

“ஒலி மிகத் தெளிவு” என்று பாராட்டினார். அம்மா குரலில் அடக்குவதற்குப் பாஸ் ஏதும் கிடையாது என்பதை நான் சொல்லவில்லை. ஸ்பீக்கர்மேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டு, கையும் குலுக்கிவிட்டுப் படியேறினார்.

தாளைப் படித்தேன். இந்த முகவரியில் இருவருக்குப் போதிய இடம் இருக்கிறது. சிரிப்பு வந்தது. கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“சமீனாவ கூட்டிட்டுப் போக நேருல வர்றதா இருந்தா, சீசன் முடிஞ்சு வா சாமி. இப்ப வந்தா உனக்குப் படுக்க எடமில்ல.”

சிரிப்பு நின்றுவிட்டது. அழுகையாக வந்தது, அதை மறைக்கவும் அங்கே ஆளில்லை. மூலையிலிருந்த மெத்தைகளில் ஒன்றைச் சாய்த்துப் போட்டுப் படுத்தேன். அந்த மூலை பாதி காலியானதும் அம்மாவின் குரல் சுவரில் பட்டு அறையெங்கும் எதிரொலித்தது. பதிவுக்கு உதவாத ஒலிதான். எழுந்து மெத்தையைத் திரும்ப நிறுத்த மனம் வரவில்லை.