‘இல்லை’ சொல்லாத கடை

பயப்படுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. பஸ் லேட்டாக வந்தால் பயம், சீக்கிரம் வந்துவிட்டால் அதைவிடப் பயம். அப்படிப்பட்டவளிடம்தான், கடை இனி எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் எங்கள் முதலாளியம்மா.

அருப்புக்கோட்டையில் எங்கள் கடைக்கு வாசல் சின்னது. வியாபாரம் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். பருத்திச் சேலைகளைப் படம் எடுத்துப் போடுவோம், ஊர் ஊராகப் பார்சல் போகும். வருகிற கேள்விகளுக்கு மூன்று பெண்கள் பதில் எழுதினோம். ஒருத்தி எல்லோரையும் ‘டியர்’ என்பாள். இன்னொருத்தி எழுத்தைவிடப் பூப்படங்களை அதிகம் அனுப்புவாள். நான் எழுதினால் தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும் என்று இருவரும் கேலி செய்வார்கள். ஒருநாள் ஒரே ஆளுக்கு மூன்று விதமாகப் பதில் போக, அவர் “இது ஒரே கடைதானா?” என்று கேட்டுவிட்டார்.

“யாரு எழுதுனாலும் ஒரே ஆளு பேசுற மாதிரி இருக்கணும். நீதான தமிழ் படிச்சவ, எழுதிக் குடு,” என்றார் முதலாளியம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆனால் என் தமிழில் பிசகு வந்தால் முதலில் கண்டுபிடிப்பவரும் அவர்தான்.

எழுதினேன். பெண்களை ‘அக்கா’ என்று அழைக்க வேண்டும். விலை கேட்டால் சுற்றி வளைக்கக் கூடாது. கோபமாக வருகிறவர்களிடம் முதலில் மன்னிப்பு, பிறகுதான் விளக்கம். எல்லாம் அவருக்குப் பிடித்துப்போனது. கடைசியில் ஒன்றை மட்டும் அவரே சேர்க்கச் சொன்னார். கடையின் பதிலில் ‘இல்லை’ என்ற சொல் வரவே கூடாது.

இது எங்கள் பக்கத்துக் கடைகளில் இருக்கிற வழக்கம்தான். சரக்கு தீர்ந்துபோனால் ‘நாளைக்கு வரும்’ என்பார்கள். வியாபாரம் நடக்கிற இடத்தில் ‘இல்லை’ என்றால் அது அப்படியே ஆகிவிடும் என்று பயம். கேட்கிறவர்களும் புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

“வெளியூர்க்காரவுகளுக்கு இது வெளங்குமாக்கா?” என்று கேட்டேன்.

“வெளங்காட்டிப் போகுது. அச்சானியமா, அபசகுனமா ஒரு வார்த்தை நம்ம வாயில இருந்து ஏன் வரணும்?”

அதற்குமேல் வாதாட எனக்குத் தைரியம் போதவில்லை. சேர்த்துவிட்டேன்.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா எழுதினார். மகளுக்கு ஏழாம் மாதம். ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்த முறை எப்படியோ வளைகாப்புவரை வந்துவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமை. எங்கள் படத்தில் பார்த்த ஒரு பச்சைச் சேலையின்மேல் மகளுக்கு ஆசை. மாசமாக இருக்கிறவள் ஆசைப்பட்டது கிடைக்காமல் போகக் கூடாது, எப்படியாவது அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்.

அந்தப் பச்சை கடையிலும் தறியிலும் தீர்ந்துவிட்டது. மறுபடி நெய்ய மாதக்கணக்கில் ஆகும். பூப்படக்காரி நான் எழுதிக் கொடுத்தபடியே பதில் போட்டாள்: “ரொம்ப சந்தோஷம் அக்கா! பச்சை சீக்கிரமே வந்துவிடும். உங்களுக்குத்தான் முதலில்.” அருப்புக்கோட்டைக்காரர்கள் இதைப் படித்திருந்தால் அப்போதே வேறு கடை பார்த்திருப்பார்கள். அந்த அம்மா “காத்திருக்கிறேன்” என்று எழுதினார். மறுநாளும் கேட்டார். மறுநாளும் இனிப்பாகவே பதில் போனது.

நான் மேலிருந்து கீழே எல்லாவற்றையும் படித்தேன். கை அவளுடையது, வாக்கியம் என்னுடையது. சேலை வராமல் போனால் அந்த அம்மா அதை எதன் அறிகுறி என்று நினைப்பார்? சரி, சொல்லிவிடலாம் என்றால், நிறைமாதத்தை நோக்கிப் போகிற வீட்டில் ‘இல்லை’ என்று என் வாயால் சொல்லி, பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நான் பயந்துகொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமை அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கடையில் சாம்பிராணிப் புகைகூட அடங்கவில்லை. போனை எடுத்து அந்த அம்மாவை அழைத்தேன்.

“அம்மா, அந்தப் பச்சை இல்லைங்கம்மா. ஞாயித்துக்கெழமைக்குக் கெடைக்காது. வரும்னு சொன்னது தப்பு.”

சேலை மடித்துக்கொண்டிருந்த முதலாளியம்மாவின் கை நின்றது.

“முன்னயே சொல்லியிருக்கலாமே கண்ணு,” என்றார் அந்த அம்மா. பிறகு மெதுவாகப் பேசினார். “போன தடவ ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாங்க. நாளைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்னு. கொழந்தைக்குத் துடிப்பு இல்லீன்னு கடைசிவரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்லுல. உங்க மெசேஜ் வர்றப்பவெல்லாம் எனக்கு அந்த நெனப்புத்தான் வந்துது.”

அவரே, கையில் என்ன நிறம் இருக்கிறது என்று கேட்டார். கடுகு மஞ்சள் இருக்கிறது, அது நிச்சயமாக இருக்கிறது என்றேன். மகளிடம் கேட்டுவிட்டு, அதையே அனுப்பச் சொன்னார். பார்சலை முதலாளியம்மா தானே கட்டினார். சாமி படத்தின் முன் வைத்து, தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தார். மத்தியானம் ‘இல்லை’ வரக் கூடாது என்ற வரியை நான் அழித்ததையும் பார்த்தார். மறுபடி சேர்க்கச் சொல்லவில்லை.

போனை வைக்கும் முன் அந்த அம்மா சொன்னதுதான் என்னை விட மாட்டேன் என்கிறது.

“நீ நேராச் சொன்ன. நானும் பிரசவம் ஆனதும் நல்லதோ கெட்டதோ, ஒனக்கு நேராச் சொல்லிப்போடறேன் கண்ணு.”

இது அந்த மகளுக்குப் பிரசவ மாதம். கடை போன் ஒலித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. மற்ற இருவரையும் தொடவிடாமல் நானேதான் எடுக்கிறேன்.