கை வைக்கக் கூடாத ஒரு மாதம்

துபாய்ப் பக்கம் புஜைராவில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில், பிசியோதெரபியில் பெண்கள் பிரிவுக்கு நாங்கள் இரண்டே பேர். எகிப்துக்காரப் பெண் ஒருவர் தெரபிஸ்ட். நான் அவருக்கு உதவியாளர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாகர்கோவிலில் டிப்ளமோ படித்து, இரண்டு வருடம் வேலையும் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் அந்த நாட்டு லைசென்ஸ் வரும்வரை ஒத்தடத்துக்கு ஹாட் பேக் சூடாக்குவதும், மெழுகு உருக்குவதும், விரிப்பு மாற்றுவதும்தான் என் வேலை. நோயாளியைத் தொட வேண்டுமென்றால் தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அபுதாபிக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். சிக்கல் என் பெயரில் இருந்தது. சர்டிபிகேட்டில் அப்பாவின் இனிஷியல் மட்டும் முன்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஊரிலிருந்து காகிதம் வர வேண்டும் என்றார்கள். அந்தக் காகிதம் மாதக்கணக்கில் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

ஹாஸ்டல் அறையில் என்னுடன் இரண்டு மலையாளி நர்சுகள். நான் எழும்போது அவர்கள் தூங்குவார்கள். நான் திரும்பும்போது டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். சில நாள் சாயங்காலம் யோசித்துப் பார்த்தால், காலையிலிருந்து ஒரு வார்த்தை தமிழ் பேசியிருக்க மாட்டேன். தலை சீவும்போது கண்ணாடியைப் பார்த்து எதையாவது சொல்லிக்கொள்வேன்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். துறைமுகத்தில் எஞ்சினீயராக இருந்த கோயம்புத்தூர்க்காரரின் மனைவி. நாற்பது வயதுதான். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதுவும் தமிழ் மட்டும். முன்பு சரளமாகப் பேசிய ஆங்கிலம் வரவேயில்லை.

தெரபிஸ்ட் ஆங்கிலத்தில் சொன்னதற்கெல்லாம் அவர் விழித்துக்கொண்டு கிடந்தார். நான் குனிந்து, "அக்கா, முட்டிய மடக்குங்க" என்றேன். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீ... நம்மூரா?"

அதற்குப் பிறகு வந்த நாளெல்லாம், "சாப்ட்டியா கண்ணு?" என்பார். அவருக்குத் தடங்கலில்லாமல் வந்த வாக்கியம் அது. ஒரு மணி நேரத்தில் நான்கு முறைகூடக் கேட்பார். நான்கு முறையும், என்ன சாப்பிட்டேன் என்பதோடு சேர்த்துப் பதில் சொல்வேன்.

இரண்டு மாதத்தில் நடைப்பயிற்சிக் கம்பிகளைப் பிடித்து நிற்கும் அளவுக்குத் தேறினார். அந்தச் சமயம் பார்த்து தெரபிஸ்டுக்கு ஒரு மாத லீவு. மாற்று ஆள் யாரும் இல்லை. பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, லைசென்ஸ் இல்லாமல் நோயாளி மேல் கை வைத்தால் வேலை போய்விடும் என்றார். தெரபிஸ்ட் கிளம்புமுன் பயிற்சிகளை ஒரு தாளில் எழுதி அக்காவின் கணவரிடம் கொடுத்தார். என்னிடம், "நீ சொல்லிக் கொடு. அவர் பிடிக்கட்டும். நீ தொடாதே. கலாஸ், அவ்வளவுதான்" என்றார்.

முதல் நாள், அக்காவின் இடுப்பில் கட்டிய பட்டையைக் கணவர் பிடித்திருந்தார். இரண்டடி தள்ளி, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நான் நின்றேன். மூன்றாவது எட்டில் அக்காவின் முட்டி மடங்கியது.

"சார், பட்டைய மேல தூக்கிப் புடிங்க! உங்க காலால அவங்க முட்டிக்கு அணை குடுங்க!"

அவர் எப்படியோ தாங்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். என் கைகள் அவிழ்ந்து பாதி தூரம் போய் அப்படியே நின்றிருந்தன. அக்கா அவற்றையே பார்த்தார்.

"கோவமா கண்ணு?"

"ஐயோ, இல்லக்கா. எனக்கு இன்னும் லைசென்ஸ் வரல."

அந்தச் சொல் அவருக்கு எட்டவில்லை. அன்று முழுக்க, தான் ஏதோ தப்பு செய்துவிட்டது போலவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கணவர் பொறுமையான மனிதர். தினம் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வருவார். "ஏனுங்க சிஸ்டர், கைய இப்படி வெக்கறதுங்களா?" என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். எங்கே பிடிப்பது, எப்போது விடுவது, அக்கா பயப்படுகிறார் என்பதை மூச்சிலேயே எப்படித் தெரிந்துகொள்வது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் வாயால் சொன்னேன். நான்காவது வாரம் அக்கா கம்பியை விட்டு எட்டு அடி எடுத்து வைத்து நடந்தார்.

"இனி வீட்லயே நானே பாத்துக்குவனுங்க. டிக்கெட் போட்டாச்சு, ஊருக்குப் போறமுங்க" என்றார் கணவர்.

நல்ல செய்திதான். நானும் சிரித்தேன். அக்கா நன்றாக இருந்த இடது கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினார். புஜைராவுக்குப் போன பிறகு என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை.

அவர்கள் போன இரண்டாவது வாரம் லைசென்ஸ் வந்தது. நானே தனியாகப் பார்த்த முதல் நோயாளி, முழங்கால் வலியோடு வந்த ஓர் அரபுப் பெண்மணி. எனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு அரபுச் சொற்களில் வேலை முடிந்தது. தாளின் அடியில் என் கையெழுத்தைப் போட்டேன். அறைக்கு வந்தபோது ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி டியூட்டிக்குப் போயிருந்தாள். லைசென்ஸ் அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

சில மாதம் கழித்துக் கணவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கா தானாகவே மாடிப்படி ஏறுகிறார், ஆங்கிலமும் ஒன்றிரண்டு வார்த்தை வருகிறது என்று எழுதியிருந்தார். மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதிப் போட்டேன். பிறகு கடிதம் ஏதும் வரவில்லை. நான் அங்கே இன்னும் நான்கு வருடம் இருந்தேன்.