கரீம் பாய் பார்த்த மலை

போன புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு, ஆட்டத்துக்காக மூன்று கம்ப்யூட்டர்களையும் இணைத்துவிட்டு உட்கார்ந்தபோது தொலைபேசி ஒலித்தது. கரீம் பாயின் மகன் பேசினார். "அக்கா, அத்தா காலையில தவறிட்டாங்க." இதய நோயால் பாய் இரண்டு மாதமாக விடுப்பில் இருந்தார். ஒருமுறைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தி.நகரில் எங்கள் டி.டி.பி. அலுவலகத்தில் பாய் பக்கம் வடிவமைப்பவர். நான் பிழை திருத்துபவள். உணவு இடைவேளையில் நாங்கள் நால்வர் ஒரு துப்பாக்கி ஆட்டம் ஆடுவோம். ஒரு கோட்டைக்குள் ஒருவரையொருவர் தேடிச் சுட வேண்டும். சுடப்பட்டவர் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். முதலில் சாவது எப்போதும் பாய்தான். "நான் அவுட்டும்மா, யாருக்கு டீ?" என்று சந்தோஷமாக எழுந்துகொள்வார். தினமும் தோற்கிற மனிதர் தினமும் ஏன் ஆட வருகிறார் என்பது எனக்குப் பெரிய புதிர்.

ஒருநாள் அவருடைய திரையை எட்டிப் பார்த்தேன். கோட்டையின் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். வெளியே ஒரு மலை தெரிந்தது.

"என்ன பாய், இங்கயே நிக்கிறீங்க? சுட்டுடுவாங்க."

"சுடட்டும்மா. மலை மேல ஒரு பாதை கீது பாரு. அது எங்க போவுது?"

"அது வெறும் படம், பாய்."

"படம்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா பக்கத்துல படம் வெக்கறவன் நான். யாரும் போவ முடியாத மலைக்கு இன்னாத்துக்குப் பாதை வரஞ்சான்? அதச் சொல்லு."

 

தீபாவளி மலர் வேலை வந்தபோது, எங்கள் கிளையிலோ அடையாறு கிளையிலோ இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருந்தது. கிளைக்கு இருவராக ஆடி, தோற்ற கிளை வருவது எங்கள் வழக்கம். அந்த ஞாயிறு மதியம் என் மகளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் நடனம். நன்றாக ஆடும் சேகருக்குக் காய்ச்சல். எனக்குத் துணையாகப் பாய்தான் வந்தார்.

நான் ஒருவரைச் சுட்டேன், அடுத்த நொடியே சுடப்பட்டேன். மிச்சம் பாயும் அடையாற்றுப் பெண்ணும். அவளுடைய வீரன் சுவரைப் பார்த்து அசையாமல் நின்றான். பாய் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தார். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். அவரோ காத்துக்கொண்டு நின்றார். அரை நிமிடம் கழித்து அந்த வீரன் திரும்பினான், பாயைச் சுட்டான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்குக் கேட்கவா வேண்டும்?

"ஏன் பாய் சுடல?"

"அந்தப் பொண்ணுக்கு ஃபோன் வந்துதும்மா, ஹெட்ஃபோன்ல கேட்டுது. பேசிக்கினு இருந்துது. கை மெஷின்லயே இல்ல. அப்ப சுட்டா அது ஆட்டமா?"

"உங்களைச் சேத்துக்கிட்டு ஆடினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.  அன்று பாய் டீ சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உர்ரென்று அலுவலகம் போனேன். என் நாற்காலியில் பாய் உட்கார்ந்து, கையில் சிவப்புப் பேனாவோடு பிழை திருத்திக்கொண்டிருந்தார். முக்கால்வாசி முடிந்திருந்தது.

"நீ கெளம்பு. பாப்பா தேடும்."

கிளம்பிவிட்டேன். நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை அவர் மருத்துவமனையில் இருந்தார். அதற்குப் பிறகு நாள் போகப்போக, எந்த முகத்தோடு போவது என்று கூசியே தள்ளிப்போட்டேன். கடைசியில் மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குப் போனது அவருடைய மகனிடம் துக்கம் கேட்கத்தான்.

நேற்று மதியம் பாயின் இருக்கையில் உட்கார்ந்து, கோட்டைக்குள் அந்த ஜன்னலைத் தேடிப் போய் நின்றேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சேகர்தான். சுடப்போகிறான் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், மற்ற இருவருடைய வீரர்களும் துப்பாக்கியோடு என் பக்கத்தில் வரிசையாக நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாதை நல்லாத்தான் கீது, மேடம்" என்றான் சேகர்.

அன்று நான் பேசியது தப்பு, பாய். மன்னித்துக்கொள்ளுங்கள். என் மகள் அன்றைக்கு நன்றாக ஆடினாள். அதையும் உங்களிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். போய் வாருங்கள். அந்தப் பாதை எங்கே போகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.