தரங்கம்பாடியில் எண்ணெய்க் குளியல்

இண்டூரில் தீர்த்தகிரியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் யாரையும் விட்டதில்லை. பால் சொசைட்டிக்கு ஒரு தவணை தலைவராக இருந்து இறங்கியவர். இறங்கியது ஊருக்குத் தெரியும், அவருக்குத்தான் இன்னும் தெரியாது. மாட்டுக்கு மடி வீங்கினாலும் மாநிலத்தில் மந்திரி மாறினாலும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி இன்னது செய்ய வேண்டும் என்று கையை நீட்டிச் சொல்லிவிடுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் என்ன?

இந்தக் கதை அவரைப் பற்றியதல்ல. ஆனால் அவரை முன்னால் உட்கார வைக்காமல் எந்தக் கதையையும் தொடங்க முடியாது, மனுஷன் விடமாட்டார். கதை அவருடைய மனைவி குள்ளம்மாளைப் பற்றியது. பேர்தான் குள்ளம்மாள், ஆள் நல்ல உயரம். பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். விடிந்தால் மாடு, வெயில் ஏறினால் கடலைக்காடு, சாய்ந்தால் மறுபடி மாடு என்று ஓடுகிற உடம்பு. அவளுக்கு இதெல்லாம் போக இன்னொரு உத்தியோகமும் உண்டு.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவது அந்த வீட்டு வழக்கம். கல்யாணமான வருஷம் குடும்பமே டெம்போ வைத்துக்கொண்டு போனபோது, மாமியார் அவளை ஒரு மரத்தடியில் நிறுத்தி, "புதுப்பொண்ணு, நீ ஆத்துல எறங்க வேணாம். கொரங்கு வரும், பையப் பாத்துக்க" என்றாள். பாவம், கிழவி அன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் சொன்னாள். அது அப்படியே நிரந்தர வேலையாகிப் போனது. சர்க்கார் உத்தியோகத்துக்காவது ஓய்வு வயது என்று ஒன்று இருக்கிறது.

வருஷா வருஷம் ஆண்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள், அருவியில் நிற்பார்கள், பரிசலில் சுற்றுவார்கள், அங்கே பொரித்துக் கொடுக்கும் பெண்களிடம் மீனைக் கொடுத்து வாங்கித் தின்றுவிட்டு ஏப்பம் விடுவார்கள். பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளம் போடும். குள்ளம்மாள் பைகளுக்கு நடுவே ஒரு குச்சியோடு உட்கார்ந்து குரங்கு விரட்டுவாள். ஈரத்துணியை வாங்கிப் பிழிவாள், காய்ந்த துணியை எடுத்துக் கொடுப்பாள். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று, உத்தியோகம் மட்டும் போகவில்லை. "யாராச்சும் ஒருத்தர் இருக்கணுமில்ல" என்பார் தீர்த்தகிரி. அந்த யாராச்சும் எப்போதும் அவளாகவே இருந்தாள்.

தீர்த்தகிரிக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துவிடலாம் என்று ஓசூரில் இருக்கும் மகள் சுமித்ரா ஏற்பாடு செய்தாள். சொந்தக்காரர்கள் கூடி இருந்த நேரத்தில், "ஏம்மா, உனக்கும்தான கல்யாணம். உனக்கு இன்னா வேணும், கேளு" என்று அம்மாவைக் கிண்டினாள்.

புடவை கேட்பாள், மிஞ்சிப்போனால் கம்மல் கேட்பாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குள்ளம்மாள் தலையைக் குனிந்துகொண்டே, "கடல்ல எறங்கணும். இடுப்பு அளவுக்கு. கொஞ்ச நேரம் யாரும் என்னக் கூப்புடாம நிக்கணும்" என்றாள்.

சபையே சிரித்தது. தீர்த்தகிரி பெரிய மனசு பண்ணினார். "ஆவட்டும்! திருக்கடையூருக்கு ஒட்டுனாப்புல தரங்கம்பாடி. நானே கூட்டிட்டுப் போறேன். எனக்குத் தெரியாத ஊரா?" என்றார். கிழக்கே அவர் போன கடைசி ஊர் திருவண்ணாமலை.

மறுநாள் டீக்கடையில், கடலோரத்துப் பழைய ஊருக்குப் போனால் என்னென்ன செய்ய வேண்டும் என்று வகுப்பே எடுத்தார். "மொதல்ல எண்ணெ. அப்பறம் குளியலு. அப்பறம் பரிசலு. வந்து குந்துனா மீனு ரெடியா இருக்கணும்."

"அங்க ஒரு கோட்டை இருக்குதாமே?" என்று யாரோ கேட்டார்கள்.

"கோட்டை எங்க ஓடிடப் போவுது? அது நின்ன எடத்துலதான் நிக்கும்."

திருக்கடையூரில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கலசத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள், மாலை மாற்றினார்கள், தீர்த்தகிரி இரண்டாம் தடவையாக அவள் கழுத்தில் தாலி கட்டினார். கட்டிய கை இறங்குவதற்குள் தன் பர்ஸ், செல்போன், மூக்குக்கண்ணாடி மூன்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, "இந்தா, பத்திரமா வெச்சுக்க" என்று அவள் மடியில் வைத்தார். ஐயரே ஒரு நிமிஷம் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அடுத்த நாள் காலையில் வேன் தரங்கம்பாடிக்குள் நுழைந்தது. ஊர் வாசலில் பழைய வளைவைப் பார்த்ததும் சுமித்ரா, "அப்பா, இது டென்மார்க்காரங்க கட்டுனது" என்றாள்.

"தெரியும், தெரியும். வெள்ளக்காரன் கட்டுனது."

"இங்கிலீஷ்காரன் இல்லப்பா. டென்மார்க்."

"அவன் மட்டும் கருப்பா?"

குள்ளம்மாள் காதில் இது எதுவும் விழவில்லை. தெரு முடிகிற இடத்தில் தண்ணீர் சுவர் போல எழுந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. மலை இல்லாமல் வானம் தரையைத் தொடுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. வேன் நின்றதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மே! எங்க போற நீ பாட்டுக்கு? பைய யாரு பாப்பா?"

நின்றாள். "இங்க கொரங்கு இல்லீங்க."

"நாயி இருக்குது இல்ல?"

திரும்பி வந்தாள். கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, வலை உலர்த்தும் கொட்டகை நிழலில் தார்ப்பாயை விரித்தார்கள். அடுப்பு, சட்டி, அருவாமனை, களிக்கு மாவு, சாப்பாட்டுத் தூக்கு, துணிப்பைகள் எல்லாம் வந்து இறங்கின. சுமித்ரா கோட்டையைப் போட்டோ எடுக்கப் போகிற அவசரத்தில், "அம்மா, இதையும் வெச்சுக்க, இதோ வந்துடறேன்" என்று தன் கைப்பையையும் கொடுத்துவிட்டு ஓடினாள். பெற்ற மகள்! குள்ளம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் பழகின கை, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது.

தீர்த்தகிரி மீன் வாங்கக் கிளம்பினார். கூடவே குள்ளம்மாளின் தம்பி சின்னக்கண்ணு. மாமா தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான், அப்படியொரு மச்சான். கூடையில் துள்ளிய மீனை வாங்கியதும் தீர்த்தகிரி அந்த மீன்காரம்மாவிடம் கேட்டார்: "இத ஆக்கித் தர்ற பொம்பளைங்க எங்க குந்தியிருக்காங்க?"

"ஆக்கித் தர்றதா? அப்புடி யாரும் இங்க இல்லியேங்க. வூட்டுக்குக் கொண்டுபோயி கொழம்பு வைங்க."

"பரிசலு?"

வலையைச் சரி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "பரிசலா? அதப் போட்டு இந்த அலையில எங்கங்க போறது?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னா ஊருய்யா இது! பேருதான் டூரிஸ்ட்டு எடம், ஒரு வசதி கெடையாது. நம்ம ஒகேனக்கல் கால் தூசிக்கு வருமா?" என்று தீர்த்தகிரி அலுத்துக்கொண்டார்.

"வராது மாமா" என்றான் சின்னக்கண்ணு.

மீன் குள்ளம்மாளின் முன்னால் வந்து விழுந்தது. "கொழம்பு வெச்சிடு. நாங்க குளிச்சிட்டு வந்துடறோம். அப்பறம் நீ போய்க் கால நனைச்சிக்க."

காலை நனைத்துக்கொள்வதா? கேட்டது இடுப்பளவு. அது இப்போது கணுக்காலாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால், கடல் தண்ணியை ஒரு சொம்பில் மொண்டு வந்து காட்டுவார்கள் போலிருந்தது. அவள் அருவாமனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செதில் தெறித்தது. ஒவ்வொரு மீனைக் கிழிக்கும்போதும் அவள் மனசில் வேறு ஒரு முகம் இருந்தது.

கோட்டையைப் பார்த்தபடி தீர்த்தகிரி கால்சட்டையோடு மணலில் சப்பணமிட்டார். ஊரிலிருந்து கொண்டு வந்த செக்கு நல்லெண்ணெயைச் சின்னக்கண்ணு அவர் உச்சந்தலையில் ஊற்றினான். முதுகில் பளார் பளாரென்று தட்டினான், கழுத்தைச் சொடுக்கினான். அந்தப் பக்கம் வந்த காலேஜ் பிள்ளைகள் நின்று போட்டோ எடுத்தார்கள். தீர்த்தகிரி நெஞ்சை நிமிர்த்திக் கொடுத்தார். "பாத்தியாடா, இந்த ஊருக்காரனுங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நாம வந்துதான் காட்ட வேண்டியிருக்குது."

கடற்கரையில் காற்று என்று ஒன்று அடிக்கும், காற்றில் மணல் வரும் என்பது வகுப்பில் சொல்லப்படவில்லை. எண்ணெய் ஊற ஊற மணலும் ஊறியது. சரி, குளித்தால் போய்விடும் என்று எழுந்து போனார். ஒகேனக்கல் அருவியில் மார்தட்டி நிற்கிற மனுஷன், இங்கே முதல் அலையைப் பார்த்ததும் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓரத்திலேயே குந்திவிட்டார். கடலுக்கு யார் பழைய தலைவர், யார் புதுத் தலைவர் என்று தெரியுமா? ஒரே தள்ளு. ஆள் குட்டிக்கரணம் போட்டு, புரண்டு, வாய் நிறைய உப்புத் தண்ணியோடு கரைக்கு வந்து சேர்ந்தார். சோப்பைப் போட்டுத் தேய்த்தார், நுரை வரவில்லை. தேய்க்கத் தேய்க்க எண்ணெயும் மணலும் கலந்து உடம்பு முழுக்க ஒரு பூச்சு ஏறியது. மசாலா தடவிய மீன் மாதிரி ஆகிவிட்டார். பொரிப்பதுதான் பாக்கி.

கண்ணெல்லாம் எரிய, தள்ளாடிக்கொண்டு வேனுக்குப் போனார். டிரைவர் அன்பு கதவை மறித்து நின்றான்.

"அண்ணா, சீட்டு கவரு புதுசு. குளிச்சிட்டு வந்து ஏறுங்க."

"குளிச்சிட்டுத்தாண்டா வரேன்!"

அன்பு மேலும் கீழும் பார்த்தான். கதவை இழுத்துச் சாத்தினான்.

நல்ல தண்ணி தேடி சின்னக்கண்ணு குடத்தோடு ஊருக்குள் ஓடினான். ஓடுவதற்கு முன்னால், "மாமா, தேய்க்காதீங்க, தோல் கிழிஞ்சிடும். நான் வர்ற வரைக்கும் இங்கயே குந்தியிருங்க, எங்கயும் போவாதீங்க" என்று அவரைத் தார்ப்பாயில், பைகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டுப் போனான்.

தீர்த்தகிரி கண்ணைத் திறக்க முடியாமல் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குள்ளம்மாள் அவரைப் பார்த்தாள். அவரைச் சுற்றி இருந்த பைகளைப் பார்த்தாள். பாதி அறுத்த மீனைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இப்போது இல்லையென்றால் இனி இல்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த சடங்குக்கு அவருக்கு எழுபது ஆக வேண்டும்.

அருவாமனையை மடக்கினாள். கையைக் கழுவினாள். எழுந்தாள்.

"ஏம்மே, எங்க எழுந்திரிக்கற? தண்ணி எடுத்துக் கண்ணுல ஊத்து. கொழம்பு இன்னாச்சி?"

"பையப் பாத்துக்கங்க" என்றாள் குள்ளம்மாள்.

இந்த இரண்டு வார்த்தையைக் கூட அவர் காதில் வாங்கினாரோ என்னவோ. "யாரு, நானா?" என்று ஒரு சத்தம் பின்னால் வந்தது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஈர மணல் காலுக்கடியில் குழைந்தது. முதல் அலை கணுக்காலைத் தொட்டது, அடுத்தது முழங்காலை நனைத்தது. புடவை கனத்துக் காலைச் சுற்றிக்கொண்டது. வரட்டும், வரட்டும் என்று உள்ளே போனாள்.

கோட்டையிலிருந்து இறங்கி வந்த சுமித்ரா பதறிப்போய் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா! தனியாவா எறங்குவ? இரு, என்னப் புடிச்சிக்க." மகள் கையைப் பிடித்துக்கொண்டு குள்ளம்மாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். அலை வந்து மோதியது, இருவரையும் தூக்கிப் பின்னால் நிறுத்தியது, திரும்பிப் போகும்போது காலடி மண்ணைப் பறித்துக்கொண்டு போனது. குள்ளம்மாள் "ஆத்தாடி!" என்று கத்தினாள். இத்தனை வயசுக்கு அவள் அப்படி வாய்விட்டுக் கத்தியதை மகள் கேட்டதே இல்லை. தலையெல்லாம் நனைந்து, கொண்டை அவிழ்ந்து, முகத்தில் உப்பு வழிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

கரையிலிருந்து "ஏம்மே! ஏம்மே!" என்று குரல் வந்தது. ஒரு நாய் தார்ப்பாயைச் சுற்றி மீனை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி ஒரு கையால் கண்ணைக் கசக்கி, மறு கையால் செருப்பை ஓங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா கூப்புடறாரும்மா" என்றாள் சுமித்ரா.

குள்ளம்மாள் திரும்பவில்லை. அடுத்த அலை வந்து போகும்வரை நின்றாள். பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு மகளைக் கேட்டாள்:

"ஏன் சுமி, நம்ம ஒகேனக்கல்லயும் தண்ணி இப்படித்தான் இருக்குமா?"