எஸ்தர் மேடமும் என் பூஜ்யமும்

போன வியாழக்கிழமை மகர்பட்டா சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தபோது எஸ்தர் மேடத்தின் மகன் கூப்பிட்டான். "அங்கிள், மம்மி காலையில போயிட்டாங்க. சர்ச்ல நீங்க தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசணும். எனக்குப் பேசத்தான் வரும், எழுதப் படிக்க வராது." சரிப்பா என்றேன். சர்ச்சில் எழுந்து நின்று, நல்லவர், பொறுமைசாலி என்று ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியது வேறு. அவரோடு வேலை பார்த்த உங்களுக்காக அதை இப்போது எழுதுகிறேன்.

நம் கல்லூரி இயற்பியல் துறையில் பத்தொன்பது வருடம் எங்கள் மேஜைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இந்த ஊர் கன்டோன்மென்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் மராத்தி, கணக்குப் போட்டால் ஆங்கிலம், டப்பாவைத் திறந்தால் தமிழ். "புளியோதரைன்னு ஆரம்பிச்சேன் சார், என்னமோ வந்திருக்கு. பேசாம சாப்பிடுங்க" என்பார். வகுப்பில் தலையாட்டுகிறவர்களை அவர் நம்பியதே இல்லை. "புரிஞ்சவன் சண்டைக்கு வருவான் சார்" என்பது அவர் கட்சி.

ஒரு வருடம் மின்னிலையியல் தாளுக்கு விடைக்குறிப்பு எழுதியவன் நான். தலைமைத் தேர்வாளராக அதைச் சரிபார்க்க வேண்டியவர் அவர். காய்ச்சலில் விடுப்பில் இருந்தார். எனக்கோ அவசரம், அவருக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டேன். மின்னூட்டம் ஏற்றிய வெற்று உலோகக் கோளத்தின் உள்ளே மின்னழுத்தம் எவ்வளவு என்பது கேள்வி. பூஜ்யம் என்று எழுதியிருந்தேன். உள்ளே பூஜ்யமாக இருப்பது மின்புலம். மின்னழுத்தம் பரப்பில் எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே எங்கும் இருக்கும். முதலாண்டுப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம்.

தாள்கள் எல்லாம் திருத்தி முடிந்த பிறகு திரும்பி வந்தவர், மேலே கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தார். "ஐயோ சார், சரியா எழுதின பிள்ளைக்கு முட்டை போட்டிருக்கீங்களே!"

"விடுங்க மேடம், ரெண்டு மார்க்தானே."

"அந்த ரெண்டு மார்க்ல இவ ஃபெயில் சார்."

மூன்று நாள் எல்லாக் கட்டுகளையும் பிரித்து மறுபடி திருத்தினோம். எனக்கு எரிச்சல், அவருக்கு இருமல்.

முதல்வருக்கான கடிதத்தை அவரே எழுதினார். விடைக்குறிப்பில் நேர்ந்த தவறுக்கு இருவரும் பொறுப்பு என்று இருந்தது.

"நீங்க அதைப் பார்க்கவே இல்லையே மேடம்?"

"காட்டாம அனுப்பினீங்கன்னு எழுதினா உங்க ப்ரமோஷன் போச்சு. கையெழுத்தைப் போடுங்க சார், சாய் ஆறுது."

போட்டேன். அந்த வருடமே தலைமைத் தேர்வாளர் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு ஒருபோதும் திருப்பித் தரவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது. பேடா கொடுத்தேன், இரண்டு எடுத்துக்கொண்டார்.

"எஸ்தர் மேடம் பார்த்தும் அந்தத் தப்பு வந்துச்சே" என்று உங்களில் சிலர் பேசியபோதெல்லாம் நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே வருடங்கள் ஓடின. இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குச் சலிப்பாக இருக்கிறது. தவறு என்னுடையது மட்டும். அவருக்கு அதில் பங்கே இல்லை.

அந்தக் கடிதத்தின் நகல் கோந்த்வா வீட்டில் என் அலமாரியில் இருக்கிறது. அவருடையது என்று என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். அவர் மகனால் நான் எழுதும் இதைப் படிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை போய், அவன் முகத்தைப் பார்த்து, நானே படித்துக் காட்ட வேண்டும்.